நிறுத்தி வைத்த மோட்டாரைக் கார் இடித்துவிட்டால்: கோலாலம்பூரில் காப்புறுதிப் பணம் கேட்டு வாங்கும் வழி

கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பலர் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் எடுக்கிறார்கள். மோட்டார் அடிபட்டதும் "நானும் வருஷா வருஷம் கட்டுகிறேனே, என் காப்புறுதி கொடுக்காதா?" என்று கேட்கிறார்கள். கொடுக்காது. உங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, நீங்கள் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுப்பதற்கு. நிறுத்தியிருந்த உங்கள் மோட்டாரை ஒரு கார் சாய்த்தால், பணம் வர வேண்டியது அந்தக் காரின் காப்புறுதியிலிருந்து. மலேசியாவில் வழக்கமாக விற்கப்படும் கார் காப்புறுதியில், மூன்றாம் தரப்பானாலும் முழுக் காப்புறுதியானாலும், பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 30 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை இடம் இருக்கிறது. ஆகவே உங்கள் மோட்டாரின் வயதோ, உங்கள் காப்புறுதியின் வகையோ இந்தக் கோரிக்கைக்குத் தடை இல்லை. கார்க்காரரின் காப்புறுதியில் கேட்பதால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக உங்கள் கட்டணத்தில் கிடைக்கும் என்.சி.டி. கழிவும் குறையாது.

தடையாக நிற்பது ஆதாரம்தான். அவசரப்பட்டுப் பட்டறையில் சரிசெய்துவிட்டு, பிறகு பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் "நாங்கள் பார்க்கவே இல்லையே" என்பார்கள். போலீஸும் இழப்பு மதிப்பீட்டாளரும் பார்க்கும் வரை ஒரு கண்ணாடியைக்கூட மாற்றாதீர்கள்.

முதல் பத்து நிமிடம்

விழுந்து கிடக்கும் மோட்டாரைத் தூக்கத்தான் கை போகும். பெட்ரோல் ஒழுகினால் உடனே தூக்குங்கள். இல்லையென்றால் முதலில் படம் எடுங்கள். சாலையும் கடைப் பெயர்ப்பலகையும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து இரண்டு, மோட்டாரும் காரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு, இரண்டின் எண் பட்டைகளும் தெளிவாக. பிறகு கிட்டத்தில்: காரின் பம்பரில் ஒட்டியிருக்கும் உங்கள் மோட்டாரின் சாயம், மோட்டாரில் ஒட்டியிருக்கும் காரின் சாயம். தரையிலிருந்து இரண்டு கீறலும் ஒரே உயரத்தில் இருப்பதைக் காட்ட, ஒரு அளவு நாடாவை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுத்தால் நல்லது. "அந்தக் கீறல் பழசு" என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. மோட்டார் நிறுத்தும் கட்டத்துக்குள் நின்றிருந்தால் அந்தக் கோடுகளும் படத்தில் விழ வேண்டும். மஞ்சள் கோட்டிலோ ஐந்தடியிலோ (கடை முன் நடைபாதை) நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் சம்மன் வரலாம். காப்புறுதி நிறுவனமும் "அவர் பங்கும் உண்டு" என்று சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்க்கும்.

ஓட்டுநர் அங்கேயே இருந்தால் அவருடைய அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்புறுதிக் கவர் நோட்டு மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார் வேறொருவர் பெயரிலோ கம்பெனி பெயரிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைபேசி எண்ணை அங்கேயே அழைத்துப் பாருங்கள். தவறான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

வரிசையாக நின்ற மோட்டார்களில் முதல் ஒன்றை இடித்து, அது அடுத்ததன் மேல் சாய்ந்து, ஆறேழு விழுவது மஸ்ஜிட் இந்தியா பக்கம் புதிதல்ல. உங்கள் மோட்டார் மேல் விழுந்த மோட்டார்க்காரரோடு சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியது முதல் மோட்டாரை இடித்த கார். விழுந்த மோட்டார்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் செய்யட்டும். ஒருவர் புகாரில் மற்றவர் எண்ணும் இருந்தால் எல்லாருக்கும் பலம்.

இடித்தவர் ஓடிவிட்டால் அன்றைக்கே கண்காணிப்புக் கேமரா பதிவைத் தேடுங்கள். கடைகளில் உள்ள பதிவுக்கருவிகள் சில நாள்களில் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். கண்டோமினிய நிர்வாகம் "போலீஸ் கேட்டால்தான் தருவோம்" என்று சொன்னால் வாதாட வேண்டாம். தேதியும் நேரமும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அந்தத் தகவலை விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். கார் எண் கடைசிவரை கிடைக்காவிட்டால் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்காரருக்கு வழி இல்லை. முழுக் காப்புறுதி இருந்தால் சொந்த நிறுவனத்தில் கேட்கலாம், என்.சி.டி. போகும்.

வெளியே தெரியாத சேதம்

நிற்கும் மோட்டார் அடிபடுவதும் ஓடும் மோட்டார் அடிபடுவதும் ஒன்றல்ல. பூட்டிய மோட்டாரின் ஹேண்டல் இடது பக்கம் திரும்பி, பூட்டின் முள் உள்ளே இறங்கியிருக்கும். கார் வந்து மோட்டாரின் முன் டயரைத் தள்ளினால் சக்கரம் திரும்ப முடியாமல் முழு விசையும் அந்தச் சிறிய முள்ளின் மேலும், ஹேண்டல் தண்டின் நிறுத்தக் கட்டையின் மேலும் விழும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் சாவி கரகரவென்று திரும்பும், அல்லது ஹேண்டல் பூட்டவே பூட்டாது. ஹேண்டலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போனால் நிறுத்தக் கட்டை வளைந்திருக்கிறது.

முன் ஃபோர்க்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹேண்டல் நேராக இருக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் பார்த்தால் ஃபோர்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் குழாய்கள் வளைந்திருக்காது, பிடிக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். முன் அச்சையும் பிடிப் போல்ட்டுகளையும் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும். உண்மையில் வளைந்ததா என்று பார்க்க, குழாயைக் கழற்றித் தட்டையான கண்ணாடியின் மேல் உருட்ட வேண்டும். வளைந்த குழாய் ஆடிக்கொண்டே உருளும். மதிப்பீட்டாளரும் இதைத்தான் பார்ப்பார். வளையாத ஃபோர்க்கை எஸ்டிமேட்டில் போட்டால் மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்தோடு வெட்டுவார்.

ஸ்டாண்டு ஃப்ரேமோடு சேரும் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். மோட்டார் பக்கவாட்டில் தள்ளப்படும்போது முதலில் விரிசல் விடும் இடம் அது. பின் டயரில் அடி விழுந்திருந்தால் மத்திய ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, ஸ்விங் ஆர்மில் ஒரு பேனாவை ரிம் ஓரத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஹோண்டா கையேடுகளில் ரிம் ஆட்டத்துக்கான எல்லை பொதுவாக 2 மி.மீ.; அதற்கு மேல் ஆடினால் ரிம்மை எஸ்டிமேட்டில் சேர்க்க நியாயம் இருக்கிறது.

இ.எக்ஸ்.5, வேவ் மாதிரி கப்சாய் இடது பக்கம் விழுந்தால் கியர் மிதி, கால்தாங்கி, மேக்னட் மூடி அடிபடும். வலது பக்கம் விழுந்தால் பிரேக் மிதி, கிக்கர், புகைக்குழாய், கிளட்ச் மூடி அடிபடும். எந்தப் பக்கம் விழுந்தது என்று படத்தில் இருக்கும் போது, எதிர்ப்பக்கத்துப் பாகங்களைக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். கார் இடித்தது ஒரு பக்கம், விழுந்தது மறுபக்கம் என்றால் அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள். தூக்கியவுடன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, எண்ணெய் அளவையும் ஒழுகலையும் பார்த்த பிறகு கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள்.

போலீஸ் புகார்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். கோலாலம்பூர் நகருக்குள் என்றால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போவது நேர்வழி. வேறு நிலையத்தில் புகார் செய்தாலும் பிறகு போக்குவரத்துப் பிரிவுக்குத்தான் போகும். மோட்டார் ஓடும் நிலையில் இருந்தால் கொண்டுபோங்கள். அவர்கள் பார்த்துப் படம் எடுப்பார்கள். ஓடாது என்றால் லாரியில் ஏற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அதையும் கேட்கலாம்.

புகார் வாசகம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மோட்டார் நின்றிருந்தது, இயந்திரம் ஓடவில்லை, மேலே யாரும் இல்லை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரம், சேதத்தைக் கண்ட நேரம், கார் எண், எந்தப் பக்கத்திலிருந்து இடித்தது என்பதும் வர வேண்டும். சேதங்களை முன்னாலிருந்து பின்னாகச் சொல்லிவிட்டு, முடிவில் "டான் லாயின்-லாயின் கெரோசாகான் யாங் பெலும் டிபாஸ்திகான்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். இன்னும் உறுதி செய்யப்படாத மற்ற சேதங்களும் உண்டு என்ற இந்த ஒரு வரி இல்லாமல் போனால், பட்டறையில் பிரித்த பிறகு தெரியவரும் வளைந்த தண்டைப் பற்றி "புகாரில் இல்லையே" என்பார்கள். கையெழுத்துக்கு முன் முழுதும் படியுங்கள். எண் பட்டையில் ஓர் எழுத்து மாறினால் எல்லாம் தாமதம். விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

கார்க்காரரும் புகார் செய்ய வேண்டும், தன் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பல கோரிக்கைகள் தொங்கி நிற்பது இங்கேதான்: "எங்கள் வாடிக்கையாளர் இன்னும் எதுவும் சொல்லவில்லை" என்று நிறுவனம் சொல்லும். அப்போது கைகொடுப்பது போலீஸின் விசாரணை முடிவு. தவறு கார் ஓட்டுநருடையது, அவருக்குச் சம்மன் கொடுக்கப்பட்டது என்ற அந்தத் தாளையும், வரைபடத்தையும், அதன் குறிப்பையும் கட்டணம் கட்டி வாங்கி வையுங்கள்.

கையில் காசா, காப்புறுதியா?

"ரிப்போர்ட் வேண்டாம் தம்பி, நான் கொடுத்துவிடுகிறேன்" என்று கார்க்காரர் ஏன் சொல்கிறார் என்பதைக் கணக்காகப் பாருங்கள். தனியார் காரின் என்.சி.டி. ஆண்டுக்கு ஆண்டு 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். அவர் காப்புறுதியிலிருந்து உங்களுக்குப் பணம் போனால், அடுத்த ஆண்டு அது பூஜ்யம். கழிவுக்கு முன் அவருடைய கட்டணம் 1,800 வெள்ளி, இப்போது 55 விழுக்காட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு மட்டும் 990 வெள்ளி கூடுதல். மறுபடி 55க்கு ஏறும் வரை ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் சுமார் 2,460 வெள்ளி. ஆக, 800 வெள்ளிச் சேதத்துக்குக் கையில் காசு கொடுப்பது அவருக்கும் லாபம், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசினால் அவரும் 200 வெள்ளிக்குப் பேரம் பேச மாட்டார்.

காசு வாங்குவதானாலும் புகாரை விட்டுவிடாதீர்கள். தொகையைச் சம்பவ இடத்தில் முடிவு செய்யாமல், பட்டறை எஸ்டிமேட் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். எழுதிக் கொடுக்கச் சொன்னால் எந்தெந்தப் பாகத்துக்கு என்று எழுதுங்கள். "பெனுஹ் டான் முக்தாமாட்" (முழுமையான, இறுதியான தீர்வு) என்ற சொல்லோடு கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் ஒரு சென்னும் கேட்க முடியாது.

முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் தங்கள் நிறுவனத்திடம், தவறு எதிர்த்தரப்புடையதானாலும் சொந்த நிறுவனமே பழுதுக்குக் கொடுக்கும் முறையைக் குறிப்பிட்டு, "கே.எஃப்.கே. முறையில் எடுத்துக்கொள்வீர்களா, என் என்.சி.டி. போகாதா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு முடிவு செய்யலாம்.

கோப்பைக் கட்டுவது

எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும்: கார் எண், நாள், இடம், புகார் எண், மோட்டார் இப்போது இருக்கும் பட்டறையின் முகவரி, "பழுது பார்க்கும் முன் வந்து பார்வையிடவும்" என்ற வேண்டுகோள். மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகும்.

சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும். மூன்றாம் தரப்புக் கோரிக்கையில் நீங்களே ஒருவரை நியமித்து, அவர் கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம். பட்டறைகள் வழக்கமாக ஏற்பாடு செய்யும். அவர் அறிக்கையில் பழுது பார்க்க எத்தனை வேலை நாள் என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மோட்டார் இல்லாமல் இருந்த நாள்களுக்கான இழப்பீடு அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். விட்டுப்போனால் அந்தத் தொகையே போய்விடும். உணவு விநியோகம் செய்பவர்கள் செயலியில் உள்ள வருமான விவரத்தையும் எடுத்து வையுங்கள். கேட்கலாம், ஆனால் அது எளிதில் கிடைக்கும் தொகை அல்ல.

கோப்பில் வேண்டியவை: கோரிக்கைப் படிவம், உங்கள் புகார், விசாரணை முடிவு, வரைபடம், படங்கள், அடையாள அட்டை, மோட்டாரின் கிரான் (பதிவுப் பத்திரம்), உங்கள் கவர் நோட்டு, மதிப்பீட்டாளர் அறிக்கையும் அவர் பில்லும், பழுதுபார்ப்பு பில், வங்கிக் கணக்கு விவரம். இதில் கிரான்தான் நம் வீடுகளில் வில்லங்கம். மோட்டார் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். அல்லது வாங்கி மூன்று வருஷமாகியும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். கோரிக்கை பதிவில் உள்ள உரிமையாளரின் பெயரில்தான் போகும், கையெழுத்தும் அவருடையதுதான். பழைய உரிமையாளரைத் தேடி அலைய வேண்டிய நிலை வரும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இழுவை லாரிக்காரர்களிடமும் தரகர்களிடமும் மோட்டாரை ஒப்படைக்காதீர்கள். பணம் எங்கே போனது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஏன் குறைத்துக் கொடுக்கிறார்கள்

பழைய மோட்டாருக்குப் புதுப் பாகம் போட்டால் மோட்டாரின் மதிப்பு கூடுகிறது என்பது அவர்கள் வாதம். முழுக் காப்புறுதியில் இதற்கு அட்டவணையே உண்டு: வாகனத்துக்கு 5 வயது என்றால் 15 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு 5 கூடி, 10 வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு. மூன்றாம் தரப்புக் கோரிக்கையிலும் மதிப்பீட்டாளர்கள் இதே மாதிரி வெட்டுவது உண்டு. வெட்டு புதுப் பாகங்களுக்குத்தான்; கூலிக்கு வெட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். அதனால்தான் பட்டறை பில்லில் பாகம், கூலி, சாய வேலை தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

பழுதுச் செலவு மோட்டாரின் சந்தை விலையை நெருங்கினால் பழுதுக்குப் பதில் விலையைக் கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். அதே ஆண்டு, அதே மாடல் மோட்டார்களின் விற்பனை விளம்பரங்கள் நான்கைந்தை எடுத்து வைத்துப் பேசுங்கள். உடைந்த மோட்டார் யாருக்கு, அதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாற்றிப் போட்ட புகைக்குழாய், வண்ண ரிம் இவற்றுக்கு ரசீது இல்லையென்றால் சாதாரணப் பாகத்தின் விலைதான்.

மறுத்தால்

முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்கள். பதிலே வராவிட்டால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் முறையிடலாம். இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனிடம் (முறையீட்டு நடுவரிடம்) போகலாம், முன்பு ஓ.எஃப்.எஸ். என்றிருந்தது 2025 ஜனவரியிலிருந்து இப்படி. மூன்றாம் தரப்பு வாகனச் சேதத்துக்கு அங்கே எல்லை 10,000 வெள்ளி, மோட்டார்களுக்குத் தாராளம். கட்டணம் இல்லை.

கார்க்காரருக்குக் காப்புறுதியே இல்லை என்று தெரியவந்தாலோ, காசு தருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை எடுக்காமல் விட்டாலோ, ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல், 198ஆம் படிவத்தை நிரப்பி நீங்களே தாக்கல் செய்யலாம். விபத்து நாளிலிருந்து ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு, ஆனால் சாட்சியும் முகவரியும் அவ்வளவு நாள் நிற்காது. எதிர்வாதியாக ஓட்டுநரின் பெயரைப் போடுங்கள், காப்புறுதி நிறுவனத்தின் பெயரை அல்ல. கார் வேறொருவருடையது, அந்த உரிமையாளரின் வேலையாக ஓட்டுநர் ஓட்டிப்போனார் என்றால் உரிமையாளரையும் சேருங்கள். தொகைக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை, தவறுக்குப் போலீஸ் முடிவு, இரண்டுக்கும் மூன்று மூன்று நகல்.